இன்வெர்ட்டர் பேட்டரியின் சார்ஜை எதைக் கொண்டு அளப்பது?

மின்சாரம் போன ஒரு மணி நேரத்துக்குள் இன்வெர்ட்டர் பீப் அடிக்கத் தொடங்கிவிட்டால், பெரும்பாலான வீடுகளில் எடுக்கப்படும் முடிவு பேட்டரியை மாற்றிவிடுவதுதான். ஆனால் அந்த ஒலிக்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். பேட்டரி நன்றாக இருந்தும் அதற்கு முழுமையாகச் சார்ஜ் ஏறாமல் இருக்கலாம்; பேட்டரிக்குள் தொடராக இணைந்த ஆறு செல்களில் ஒன்று மட்டும் பலவீனமாகி மற்ற ஐந்தின் உழைப்பையும் வீணாக்கிக்கொண்டிருக்கலாம்; அல்லது பேட்டரிக்கு உண்மையாகவே வயதாகி, முழுதாகச் சார்ஜ் ஏறிய பிறகும் பழைய கொள்ளளவில் பாதியைக்கூடத் தர இயலாத நிலைக்கு வந்திருக்கலாம். முதல் காரணத்துக்குச் சார்ஜரையோ டெர்மினல் இணைப்பையோ சரிசெய்தால் போதும். இரண்டாவது, வாரண்டி காலத்துக்குள் என்றால் கடைக்காரரிடம் பேச வேண்டிய செய்தி. மூன்றாவதற்குத்தான் புதுப் பேட்டரி. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் பல ஆயிரம் ரூபாய் செலவழிக்கப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அளந்து பார்க்கும் வழிகள் அனைத்தும் கடைகளில் கிடைப்பவைதான். எந்த வழி எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த நேரத்தில் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்கிறது என்பது ஒன்று. முழுதாகச் சார்ஜ் ஏறினால் அது மொத்தம் எவ்வளவு தாங்கும் என்பது வேறொன்று. 150 ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட பேட்டரி தேய்ந்து 80 ஆம்பியர்-மணி மட்டுமே தாங்கும் நிலையிலும், சார்ஜ் ஏறி முடிந்ததும் அது 100 சதவீதம் நிறைந்த பேட்டரிதான். கீழே வரும் கருவிகளில் சில முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்பவை, சில இரண்டாவதற்கு மட்டும் சொல்பவை. ஒன்றுக்கான கருவியிடம் மற்றொன்றைக் கேட்பதால்தான் பாதித் தவறுகள் நேர்கின்றன.

இன்வெர்ட்டரின் முகப்பில் தெரியும் கோடுகளையோ சதவீத எண்ணையோ முதலிலேயே ஒதுக்கிவிடலாம். சாதாரண இன்வெர்ட்டர்கள் பேட்டரியின் வோல்ட்டேஜைப் பார்த்து அதையே சதவீதமாக மாற்றிக் காட்டுகின்றன. அதுவும் லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதோ சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதோ உள்ள வோல்ட்டேஜ். மின்விசிறியோடு மிக்ஸியும் ஓடினால் எண் சடாரென்று இறங்கும், மிக்ஸியை நிறுத்தினால் மறுபடி ஏறும். இடையில் பேட்டரிக்குள் இருந்த சார்ஜ் அப்படி ஏறி இறங்கவில்லை. பீப் அடிக்கப் போகிறதா என்று பார்த்துக்கொள்ள அந்தக் கோடுகள் உதவும். பேட்டரியைப் பற்றி முடிவெடுக்க உதவா.

அடுத்தது, பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் மல்டிமீட்டர். ஓய்வில் இருக்கும் ஈய-அமில பேட்டரியின் வோல்ட்டேஜுக்கும் அதன் சார்ஜுக்கும் நேரான தொடர்பு உண்டு. ஒரு செல்லின் வோல்ட்டேஜ், அதிலுள்ள ஆசிடின் ஒப்படர்த்தியோடு (தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்ற எண்ணோடு) 0.84 கூட்டினால் வரும் எண்ணுக்கு மிக அருகில் இருக்கும். பெரும்பாலான ட்யூபுலர் (குழாய் வடிவப் பிளேட்டுகள் கொண்ட) இன்வெர்ட்டர் பேட்டரிகள் முழு சார்ஜில் 1.240 ஒப்படர்த்திக்கு நிரப்பப்படுபவை. ஆகவே ஒரு செல்லுக்கு 2.08 வோல்ட், ஆறு செல்லுக்கு ஏறத்தாழ 12.5 வோல்ட். கார் பேட்டரியில் ஆசிட் இதைவிட அடர்த்தியானது என்பதால் அது முழு சார்ஜில் 12.6 அல்லது 12.7 காட்டும். கார் பேட்டரிக்கான அட்டவணையை இணையத்திலிருந்து எடுத்து ட்யூபுலர் பேட்டரிக்குப் பொருத்திப் பார்ப்பவர், முழுதாக நிறைந்த பேட்டரியையும் குறைந்திருப்பதாக எண்ணிக் கவலைப்படுவார்.

மல்டிமீட்டரின் குறை அதன் விலையில் இல்லை, ஓய்வு என்ற நிபந்தனையில் இருக்கிறது. மின்சாரம் இருக்கும் வரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஏறத்தாழ 13.5 முதல் 13.8 வோல்ட் வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். அப்போது டெர்மினலில் மீட்டரை வைத்தால் தெரிவது சார்ஜரின் வோல்ட்டேஜ். சார்ஜை நிறுத்திய உடனும் உண்மை தெரியாது. பிளேட்டுகளின் பரப்பில் தங்கியிருக்கும் மிகை வோல்ட்டேஜ் இறங்கப் பல மணி நேரம் ஆகும், தடித்த ட்யூபுலர் பிளேட்டுகளில் இன்னும் மெதுவாக இறங்கும். எனவே இன்வெர்ட்டரை நிறுத்தி, ஒரு டெர்மினலைக் கழற்றி, குறைந்தது நான்கைந்து மணி நேரமாவது விட்டுவைத்து அளக்க வேண்டும். ஓர் இரவு முழுதும் விட்டால் இன்னும் நல்லது. இன்வெர்ட்டரை நிறுத்தாமல் டெர்மினலைக் கழற்றக் கூடாது: சார்ஜ் ஏறும் பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கும், ஒரு தீப்பொறி போதும்.

இன்னொரு குறை துல்லியம் சார்ந்தது. முழு சார்ஜிலிருந்து காலி நிலை வரை ஓய்வு வோல்ட்டேஜ் மாறுவது ஏறத்தாழ 0.7 வோல்ட் மட்டுமே. மலிவான மல்டிமீட்டர்களுக்கு 20 வோல்ட் அளவில் அரை சதவீதமும் கடைசி இலக்கத்தில் ஒன்றிரண்டும் பிழை இருக்கலாம் என்று அவற்றின் கையேடே சொல்லும். 12.4 வோல்ட்டில் அது ஏறக்குறைய 0.08 வோல்ட். அதாவது பேட்டரியின் மொத்த வீச்சில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மீட்டரின் பிழையிலேயே போய்விடுகிறது. தினமும் ஒரே மீட்டரை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இது பெரிய தடையன்று; ஒரே ஒரு அளவை வைத்து முடிவெடுப்பவருக்குத் தடைதான்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: மல்டிமீட்டர் ஆறு செல்களின் கூட்டுத்தொகையைத்தான் பார்க்கிறது.

இங்கேதான், ஒவ்வொரு செல்லிலும் ஆசிடின் அடர்த்தியைத் தனித்தனியே அளக்கும் ஹைட்ரோமீட்டர் தனித்து நிற்கிறது. ஈய-அமில பேட்டரியில் கந்தக அமிலம் வெறும் ஊடகம் அன்று. வினையில் தானே பங்கெடுக்கும் பொருள். பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியே போகப் போக, அமிலம் இரு பிளேட்டுகளிலும் ஈய சல்ஃபேட்டாகப் படிந்து, கரைசலில் தண்ணீர் மிகுகிறது. சார்ஜ் ஏற ஏற அமிலம் கரைசலுக்குத் திரும்புகிறது. ஆகவே ஆசிடின் அடர்த்தியை அளப்பது, சார்ஜின் ஏதோ ஒரு விளைவை அளப்பதாகாது. செலவான பொருளையே நேரடியாக அளப்பதாகும். சில நூறு ரூபாய்க் கண்ணாடிக் குழாய் ஒன்று இதைச் செய்துவிடுகிறது என்பதில் எனக்கு இன்றும் வியப்பு உண்டு.

அளக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்வது தகும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் அணிந்துகொண்டு, வென்ட் பிளக்கைத் திருகிக் கழற்ற வேண்டும். அருகில் ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் சமையல் சோடாவும் இருக்கட்டும். ரப்பர் குமிழை அழுத்திக்கொண்டு முனையை ஆசிடுக்குள் இறக்கி, மெல்ல விட்டால் ஆசிட் குழாய்க்குள் ஏறும். உள்ளேயிருக்கும் மிதவை பக்கச் சுவரிலும் மேல்முனையிலும் ஒட்டாமல் தனியாக மிதக்கும் அளவுக்கு மட்டும் இழுக்க வேண்டும். குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, கண்ணை ஆசிட் மட்டத்துக்கு நேராக வைத்து, விளிம்பில் ஏறி நிற்கும் வளைவைத் தள்ளிவிட்டு, தட்டையான பரப்பு எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று படிக்க வேண்டும். பிறகு எடுத்த ஆசிடை அதே செல்லுக்குள் திருப்பி விட வேண்டும். வேறு செல்லில் விட்டால் இரண்டு செல்களின் கணக்கும் கெடும். கடைக்காரர்கள் இந்த எண்ணைக் கிராவிட்டி என்றே சொல்வார்கள், 1.240 என்பது அவர்கள் வாயில் 'பன்னிரண்டு நாற்பது'.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆறு செல்களில் 1.235, 1.240, 1.235, 1.230, 1.190, 1.235 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன கணக்கின்படி இந்தப் பேட்டரியின் ஓய்வு வோல்ட்டேஜ் ஏறத்தாழ 12.4. மல்டிமீட்டர் மட்டும் வைத்திருப்பவர் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைந்த நல்ல பேட்டரி என்று நினைத்து நிம்மதியாக இருப்பார். ஆனால் ஐந்தாவது செல் பாதி நிலையைச் சற்றுத்தான் தாண்டியிருக்கிறது. லோடு ஓடும்போது அந்தச் செல் முதலில் தீர்ந்துபோகும்; மற்ற ஐந்தில் சார்ஜ் இருக்கும்போதே மொத்த வோல்ட்டேஜ் சரிந்து இன்வெர்ட்டர் நின்றுவிடும். தொடர்ந்து நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் ஒரு செல் மற்றவற்றைவிட 0.030-க்கு மேல் குறைவாகவே நின்றால், பழுது அந்தச் செல்லில்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். ஆறும் ஒரே அளவில் தாழ்ந்து நின்றால், பெரும்பாலும் அது சார்ஜ் போதாமையே. முதலில் சந்தேகிக்க வேண்டியது சார்ஜரை.

ஹைட்ரோமீட்டரை ஏமாற்றும் சூழல்கள் நான்கு உண்டு. முதலாவது வெப்பம்: இந்தியத் தயாரிப்பாளர்கள் 27 டிகிரி செல்சியஸில் ஒப்படர்த்தியைக் குறிக்கிறார்கள், அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்ட வேண்டும். மே மாதத்தில் மாடியறையில் 37 டிகிரியில் இருக்கும் ஆசிட் 1.233 காட்டினால், அது உண்மையில் 1.240. இரண்டாவது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய உடனே அளப்பது. புதுத் தண்ணீர் மேலேயே நிற்கும் என்பதால் எண் பொய்யாகக் குறையும். ஒரு முழு சார்ஜ் ஏறி, குமிழிகள் கிளம்பிக் கலந்த பிறகே அளக்க வேண்டும். மூன்றாவது, உயரமான ட்யூபுலர் ஜாடிகளில் அடர்ந்த ஆசிட் அடியில் தங்கிவிடுவது. அப்போது மேலிருந்து எடுக்கும் ஆசிட் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும், ஓய்வு வோல்ட்டேஜோ உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்; இரண்டு கருவிகளும் இப்படி எதிரெதிராகப் பேசினால் முதலில் அடுக்குப் படிவைச் சந்தேகித்து, நீண்ட நேரம் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி அளப்பது நல்லது.

நான்காவதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குறைந்த கிராவிட்டியைச் சரிசெய்வதாகச் சொல்லி, தண்ணீருக்குப் பதில் ஆசிட் ஊற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஊற்றியதும் மிதவை உயரும், வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கும். ஆனால் பிளேட்டில் படிந்த சல்ஃபேட் அப்படியேதான் இருக்கிறது. சார்ஜ் ஒரு துளியும் கூடவில்லை. இதற்கு மேல், தேவைக்கு மிஞ்சிய அமிலம் பிளேட்டுகளை அரிக்கத் தொடங்கும். அந்தப் பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் இனி ஒருநாளும் உண்மை சொல்லாது. ஆசிட் கொட்டிப்போயிருந்தாலன்றி, நீர் குறையும் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதையும் ஊற்ற அனுமதிக்கக் கூடாது.

ஹைட்ரோமீட்டரின் உறவினர்கள் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரிஃப்ராக்டோமீட்டர் ஒரே ஒரு துளி ஆசிடில் ஒளிவிலகலைக் கொண்டு ஒப்படர்த்தியைக் காட்டும். பல மாடல்கள் வெப்பத் திருத்தத்தைத் தாமே செய்துகொள்ளும். மாதந்தோறும் பல பேட்டரிகளைப் பார்ப்பவருக்கு அது வசதி, ஒரு பேட்டரி வைத்திருக்கும் வீட்டுக்குத் தேவையில்லை. கார் பேட்டரிகளின் மேலிருக்கும் பச்சைக் கண் உள்ளேயே பொருத்திய சிறு ஹைட்ரோமீட்டர்தான், ஆனால் அது ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கிறது. ட்யூபுலர் பேட்டரியின் மூடியில் ஏறி இறங்கும் சிவப்பு-பச்சை மிதவை இவை எதுவுமன்று. அது தண்ணீர் மட்டத்தைக் காட்டுவது. அதைச் சார்ஜ் காட்டி என்று நம்பும் வீடுகள் உண்டு என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

வேறொரு திசையிலிருந்து வருவது ஷண்ட் மீட்டர். நெகட்டிவ் கம்பியில் மிகக் குறைந்த தடையுள்ள ஷண்ட் ஒன்றைப் பொருத்தி, அதன் குறுக்கே எழும் சிறு வோல்ட்டேஜிலிருந்து ஓடும் ஆம்பியரை அளந்து, நேரத்தோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே வரும் கருவி இது. 100 ஆம்பியர் ஓடும்போது 75 மில்லிவோல்ட் தரும் ஷண்ட் பரவலாகக் கிடைக்கிறது. பேட்டரியை ஓய்வில் விட வேண்டியதில்லை, மூடியைத் திறக்க வேண்டியதில்லை, மின்சாரம் போன நள்ளிரவில்கூட மிச்சம் எவ்வளவு என்று ஒரு பார்வையில் தெரியும். அரை மணி நேர மின்வெட்டுக்கு இது தேவையில்லை. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபின் நாகப்பட்டினம், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கிராமங்கள் பல நாட்கள் இருட்டில் கிடந்ததை நினைத்தால், மிச்சமிருக்கும் ஆம்பியர்-மணியை அறிந்து விளக்கையும் செல்போனையும் பங்கிட்டுக்கொள்வது எவ்வளவு பெரிய உதவி என்பது புரியும்.

ஆனால் அது ஒரு வரவு செலவு நோட்டு மட்டுமே. பெட்டியில் உள்ள பணத்தை அது எண்ணிப் பார்ப்பதில்லை. தொடக்க இருப்பை நாம்தான் சொல்ல வேண்டும். ஈய-அமில பேட்டரியில் எடுத்ததைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் கூடுதலாகத் திருப்பித் தந்தால்தான் அது நிறையும் என்பதால், அந்த இழப்பையும் கணக்கில் கொடுக்க வேண்டும். சிறு பிழைகள் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். பேட்டரி முழுதாக நிறையும் ஒவ்வொரு முறையும் எண்ணை 100-க்குத் திருப்பி வைத்தால்தான் அவை அழியும். மின்வாரிய இணைப்புள்ள வீட்டில் பேட்டரி பெரும்பாலும் நிறைந்தே இருப்பதால் இந்தத் திருத்தம் தானாக நடந்துவிடும். சோலாரை மட்டுமே நம்பியிருக்கும் தோட்டத்து வீட்டில், வடகிழக்குப் பருவமழையின்போது நாள்கணக்கில் பேட்டரி நிறையாமலே போகும். ஷண்ட் மீட்டரின் எண்ணை மிகக் குறைவாக நம்ப வேண்டிய காலம் அதுவே. மேலும், நாம் 150 என்று எழுதிக் கொடுத்த கொள்ளளவு உண்மையில் 110 ஆகத் தேய்ந்திருந்தால், பேட்டரி தீர்ந்துபோன நொடியிலும் மீட்டர் 27 சதவீதம் மிச்சம் என்று காட்டும். எல்லா லோடும் சார்ஜரும் ஷண்டின் வழியாகவே போக வேண்டும் என்பதும் விதி: பேட்டரி டெர்மினலில் நேராகக் கட்டிய ஒரே ஒரு விளக்குக் கம்பிகூடக் கணக்கைக் கெடுத்துவிடும்.

கடைகளில் பேட்டரியைச் சோதிக்கப் பயன்படுத்தும் கருவிகள் இரண்டாவது கேள்விக்கானவை. லோடு டெஸ்டர் சில நொடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தை இழுத்து வோல்ட்டேஜ் எவ்வளவு சரிகிறது என்று பார்க்கும். கார் பேட்டரிக்கு, அதன் குளிர்-தொடக்க ஆம்பியரில் (கடுங்குளிரில் எஞ்சினைக் கிளப்பத் தரக்கூடிய மின்னோட்டத்தில்) பாதியை 15 நொடி இழுத்தால் 21 டிகிரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பழைய, நல்ல விதி. கண்டக்டன்ஸ் டெஸ்டர், அமெரிக்கப் பொறியாளர் கீத் சாம்ப்ளின் 1970-களில் முன்வைத்த முறையை அடியொற்றியது. சிறு மாறுமின்னோட்டக் குறிப்பைச் செலுத்திப் பேட்டரியின் உள் கடத்தும் திறனை ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடும். இரண்டும் கார் ஸ்டார்ட் ஆகுமா என்பதற்குச் சிறந்தவை. மணிக்கணக்கில் மெதுவாக வெளியேற்றும் ட்யூபுலர் பேட்டரிக்கு, புதிதாக இருந்தபோது எடுத்த எண் கையில் இல்லாவிட்டால், அவை சொல்லும் செய்திக்குப் பொருள் குறைவு. அத்தகைய டெஸ்டரின் தாளில் அச்சாகும் சார்ஜ் சதவீதமும் பெரும்பாலும் வோல்ட்டேஜிலிருந்து கணித்ததே.

வீட்டிலேயே கொள்ளளவை அறியச் சிறந்த வழி பேக்கப் சோதனை. பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு, மாறாத ஒரு லோடைக் கொடுத்து, இன்வெர்ட்டர் தானே நிற்கும் வரை நேரத்தைக் குறிக்க வேண்டும். 200 வாட் லோடு, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால், பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும். 150-ஐ 20-ஆல் வகுத்து ஏழரை மணி நேரம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே கிடைக்கும். அந்த 150 என்பது 20 மணி நேரத்தில் மெல்ல வெளியேற்றும்போது கிடைக்கும் அளவு, அதாவது 7.5 ஆம்பியர் வேகத்தில். வேகம் கூடினால் கிடைப்பது குறையும் என்பதை 1897-இல் பொய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் சூத்திரமாக எழுதினார். அதன் அடுக்கை 1.2 என்று கொண்டால், புதுப் பேட்டரியே 20 ஆம்பியரில் ஆறு மணி நேரம்தான் தரும். ஆகவே நான்கு மணி நேரம் ஓடிய பேட்டரியைப் பாதி செத்தது என்று சொல்லிவிடக் கூடாது. அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திறனோடு இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும், முடிந்த உடனே சார்ஜ் ஏற்றிவிட வேண்டும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வாங்கியவர்களுக்கு மேலே சொன்ன வரிசையே தலைகீழாகும். அதற்கு ஆசிட் இல்லை, ஆகவே ஹைட்ரோமீட்டர் இல்லை. மல்டிமீட்டரும் கைகொடுக்காது: 20 முதல் 90 சதவீதம் வரை ஒரு செல்லின் ஓய்வு வோல்ட்டேஜ் 3.2-க்கும் 3.35-க்கும் நடுவிலேயே நிற்கிறது, நடுப்பகுதியில் மாற்றமே தெரியாத அளவுக்குத் தட்டையாக இருக்கிறது; போதாததற்கு, சார்ஜ் ஏறி நின்றதா இறங்கி நின்றதா என்பதைப் பொறுத்தும் சற்று மாறும். அங்கே எண்ணிக் கூட்டும் முறையைத் தவிர வேறு வழியில்லை. அதைப் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற கண்காணிப்புச் சுற்று செய்கிறது. வைஃபை ரூட்டர் போன்ற மிகச் சிறிய லோடுகளை அது கணக்கில் விட்டுவிட வாய்ப்புண்டு என்பதால், அவ்வப்போது முழு சார்ஜ் வரை ஏற்றி எண்ணைத் தானே திருத்திக்கொள்ள விட வேண்டும்.

மூடி திறக்கும் ட்யூபுலர் பேட்டரி ஒன்று, அவ்வப்போது மின்வெட்டு என்னும் சாதாரண வீட்டுக்கு என் பரிந்துரை ஹைட்ரோமீட்டரும், ஏற்கெனவே இருக்கும் மல்டிமீட்டரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆறு எண்களைத் தேதியோடு எழுதி வைத்தால் வாரண்டி பேசும்போதும் அந்தத் தாள் உதவும். மூடியிட்ட பேட்டரி என்றால் ஓய்வு வோல்ட்டேஜும் ஆண்டுக்கொரு பேக்கப் சோதனையும் மட்டுமே கைவசம். சோலாரில் வாழும் வீட்டுக்கு ஷண்ட் மீட்டர் அவசியம், ஆனால் ட்யூபுலர் பேட்டரியாயின் ஹைட்ரோமீட்டரை அது விலக்கிவிடாது. மழை முடிந்து முதல்முறை நிறைந்ததாக ஷண்ட் மீட்டர் சொல்லும்போது, அதை ஹைட்ரோமீட்டரால் சரிபார்த்துவிட்டே நம்ப வேண்டும். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் அமைப்பில் ஷண்ட் வழியே ஓடுவது ஒரே மின்னோட்டம் என்பதால், ஒன்று மெலிந்து மற்றொன்று மிகையாகச் சார்ஜ் ஆவதை அந்த மீட்டர் காணவே காணாது. அங்கே ஒவ்வொரு பேட்டரியின் வோல்ட்டேஜையும் தனித்தனியே பார்த்து, பன்னிரண்டு செல்களின் கிராவிட்டியையும் ஒரே நாளில் எடுப்பதுதான் முறை.